விண்டோஸ் 98 போடறீங்களா, டிஸ்கை ஒட்டுக்கா ஒரே சி டிரைவா போட்டுறாதீங்க

திருப்பூர்ல எம்பிராய்டரி யூனிட் வச்சிருக்கற எங்க மாமா ஒருத்தரு, மெஷினுக்கு டிசைன் அனுப்பற சாப்ட்வேர் 98ல மட்டுந்தான் ஓடும்னு அந்தப் பழைய பெட்டியவே இன்னும் கும்பிட்டுட்டு இருக்காருங்க. அதுல டிஸ்க் போயிருச்சு. கோயமுத்தூர்ல பழைய சாமான் கடையில 160 ஜிபி ஐடிஇ டிஸ்க் (பட்டையான ரிப்பன் கேபிள்ல மாட்டற பழைய வகை) ஒண்ணு கெடச்சுது, பயாஸும் (பெட்டி ஆன் ஆன ஒடனே மொதல்ல ஓடற சாப்ட்வேர்) முழு சைஸக் காட்டுச்சு, சரின்னு லினக்ஸ் சிடி வச்சு முழுசா ஒரே பார்ட்டிஷனா (டிஸ்க்கப் பிரிக்கற பாகம்), 98க்குத் தெரிஞ்ச ஃபேட்32ங்கற ஃபைல் அமைப்புல போட்டுட்டேன். நாலு மாசம் ஜம்முனு ஓடுச்சு. யூனிட் பசங்க படம், கல்யாண வீடியோன்னு கொட்டி ரொப்புனாங்க, ஒரு நா காலைல பாத்தா விண்டோஸே இல்ல.

தப்பு என்மேலதான். 98ஓட ஐடிஇ டிரைவர் 28 பிட்லதான் செக்டார (டிஸ்க்கோட சின்னச் சின்னக் கட்டம்) எண்ணும், அது 137 ஜிபியோட முடிஞ்சுது, அதுக்கு மேல எழுதச் சொன்னா நம்பர் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சு டிஸ்க்கோட தலமாட்டுலயே போயி எழுதிரும், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வச்சிருக்கற ஃபேட் டேபிள் இருக்கறதே அங்கதானுங்க. இன்ஸ்டால் பண்ற அன்னிக்கு எதுவுமே தெரியாது, அதான் வெனை.

அதனால 80 ஜிபிக்குள்ள டிஸ்க் கெடச்சா அதையே வாங்குங்க. பூட் ஃப்ளாப்பி போட்டு எஃப்டிஸ்க்னு (பார்ட்டிஷன் பிரிக்கற கமாண்ட்) அடிச்சா மொதல்ல பெரிய டிஸ்க் சப்போர்ட் வேணுமான்னு கேக்கும், ஒய் (Y) குடுங்க, என் (N) குடுத்தா பழைய ஃபேட்16 ஆயிரும், பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல போகாது. ப்ரைமரி பார்ட்டிஷன் (சி டிரைவ்) போடறப்ப முழு சைஸும் எடுத்துக்கவான்னு கேட்டா மட்டும் என் குடுத்து 20000 எம்பின்னு நீங்களே அடிங்க, அப்பறம் மறக்காம அத ஆக்டிவ் பண்ணுங்க, அப்பத்தான் அதுல இருந்து பூட் ஆகும் (இத மறந்துட்டு டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொன்னவங்க எத்தன பேரு). மிச்சத்த எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்ல டி டிரைவா போட்டுக்கலாம். 160 தான் கெடச்சுதுன்னா மொத்தமா 1,20,000 எம்பி தாண்டாதீங்க, மிச்ச எடம் சும்மா கெடக்கட்டும்.

இன்னொண்ணு, 98 சிடில வர்ற எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேல போனா 64ஐ கழிச்சுட்டுக் காட்டும், 80 ஜிபி டிஸ்க்க 10 ஜிபி சொச்சம்னு சொல்லும். கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிறாதீங்க. மைக்ரோசாஃப்ட் பின்னாடி விட்ட புது எஃப்டிஸ்க்க ஃப்ளாப்பில போட்டுக்கிட்டா சரியாயிரும்.

விண்டோஸ் என்டி 4 போடறவங்க இன்னும் இருக்கீங்களா? செட்டப்ல சி டிரைவ் 4 ஜிபிக்கு மேல குடுக்காதீங்க, அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அதே 137 ஜிபி வரம்பு இருக்குது, ஆனா சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் விடற அப்டேட் மூட்டை) 1ல இருந்து சரி பண்ணிட்டாங்க. பழைய சிடியா இருந்தா 40 ஜிபில சி போட்டு, சர்வீஸ் பேக் ஏத்திட்டுப் பொறவு மிச்சத்தப் பிரிங்க. விண்டோஸ் 2000க்கு சர்வீஸ் பேக் 3ம் வேணும், ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட செட்டிங்லாம் இருக்கற எடம்) எனேபிள்பிக்எல்பிஏங்கற வேல்யூவ 1 ஆக்கவும் வேணும், பேக் மட்டும் போட்டாப் பத்தாது. 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 ஃபார்மேட் பண்ண எக்ஸ்பி, 2000 ரெண்டுமே விடாது, என்டிஎஃப்எஸ்ங்கற புது ஃபைல் அமைப்பு போட்டுக்கங்க. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி (2 டிபிக்கு மேல டிஸ்க்கப் பிரிக்கற முறை) தெரியாது, அதனால 2 டிபிக்கு மேல டிஸ்க் வாங்கி அதுல மாட்டறது தண்டம்.