ஃப்ளோரன்ஸ் கெல்லியின் 1905 உரையைப் பகுத்துப் படிக்கும் முறை

குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான மேடைப்பேச்சின் வலிமையை அறிய விரும்பும் மாணவர்கள், அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃப்ளோரன்ஸ் கெல்லி 1905 ஜூலை 22 அன்று பிலடெல்பியாவில் ஆற்றிய சிற்றுரையிலிருந்து தொடங்கலாம். அணிகளைப் பட்டியலிட்டு விடைத்தாளை நிரப்புவது எளிது. ஆனால் ஒவ்வோர் உத்தியும் எதிரே அமர்ந்திருந்தவரை என்ன செய்தது என்று கேட்காவிட்டால் அந்தப் பட்டியலால் பயனில்லை.

ஆகவே முதலில் அவையை அறிந்துகொள்ளுங்கள். அது பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் மாநாடு. ஆலைத் துணியை விலை கொடுத்து வாங்கும் நிலையில் இருந்தும் வாக்குச்சீட்டு இல்லாத பெண்களிடமே கெல்லி பேசினார். அவரோ இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து, பின்னர் தேசிய நுகர்வோர் கழகத்தை நடத்தி வந்தவர். சட்டப்பிரிவுகளை அவர் சரளமாக எடுத்தாள்வதற்கு இந்த அனுபவமே காரணம்.

அடுத்து, எண்ணிக்கை எங்கே ஓர் உருவமாக மாறுகிறது என்று பாருங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட இருபது லட்சம் பிள்ளைகள் உழைத்துப் பிழைக்கிறார்கள் என்று தொடங்குபவர், சற்று நேரத்தில் பென்சில்வேனியாவின் ஒரு சிறுமியைக் காட்டுகிறார். பதின்மூன்றாம் பிறந்தநாளன்று, நள்ளிரவுச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மாலை ஐந்தரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை அவள் ஆலையில் உழைத்தாலும், அண்மைக்காலம் வரை எந்தச் சட்டமும் மீறப்பட்டதாகாது என்கிறார். கண்ணீரைத் தூண்டும் அடைமொழிகளை இந்த இடத்தில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்; மணிக்கணக்கும் தூக்குவாளியும் சட்டத்தின் அனுமதியுமே போதும் என்று அவர் விட்டுவிடுகிறார். உரையின் உச்சம் இதுவே என்பது என் கருத்து.

பிறகு, ‘நாம் உறங்கும்போது’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். அதனோடு, பிள்ளைகள் செய்யும் காலணி, காலுறை, தொப்பி அலங்காரம் எல்லாம் ‘நமக்காக’ என்று அடுக்கும் பகுதியையும் சேர்த்துப் படித்தால், குற்றத்தை முதலாளிமேல் மட்டும் சுமத்திவிட்டு எழுந்துபோக அவையினருக்கு வழியில்லாமல் போவது விளங்கும். ஜார்ஜியாவின் தாய்மாருக்கு வாக்கு இருந்திருந்தால், சிறு பிள்ளைகளின் ஆலைவேலையை நிறுத்த அம்மாநிலச் சட்டமன்றம் மறுத்திருக்குமா என்ற வினாவோ, அதே மனவுறுத்தலை வாக்குரிமைக் கோரிக்கையின் பக்கம் திருப்புகிறது. முடிவில், வாக்குள்ள ஆண் தொழிலாளர்களைத் துணைசேர்க்கச் சொல்லி, செய்யக்கூடிய ஒரு வேலையையும் கையில் கொடுக்கிறார்.

உரையின் குறையையும் எழுதத் தயங்காதீர்கள். தென்மாநில ஆலைகளைப் பற்றிப் பேசும்போது கெல்லி ‘வெள்ளைச் சிறுமிகள்’ என்றே குறிப்பிடுகிறார். அவையின் இரக்கம் எந்த எல்லையோடு நின்றிருக்கும் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று.

விளைவைப் பற்றி எழுதும்போது நிதானம் தேவை. குழந்தைகள் செய்த சரக்கு மாநிலம் தாண்டி விற்கப்படுவதைத் தடுத்த 1916ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான், கெல்லி இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. எனவே ‘இந்த உரை சட்டத்தைக் கொண்டுவந்தது’ என்று எழுதாமல், அந்த நெடிய போராட்டத்துக்கு ஆள் திரட்டிய பேச்சுகளில் ஒன்று என்று எழுதுங்கள்.