பால் கட்டிக்கிச்சுன்னு யாரும் பிசைய விடாதீங்க

போன வாரம் வார்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள், பிரசவமாகி பன்னிரண்டாம் நாள். வலது மார்பின் வெளிப்பக்கம் நான்கு விரல் பதிந்த மாதிரி கன்றிப் போய் நீலமாக இருந்தது. "பால் கட்டிக்கிச்சு சிஸ்டர், அத்தைதான் உருவி விட்டாங்க" என்றாள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் என் மார்பும் இதே நிறத்தில்தான் இருந்தது. கையைக் கழுவுங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். பால் கொடுக்கிற காலத்தில் நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கட்டியைப் பிசைந்து கரைக்கப் பார்ப்பது

மூத்தவன் பிறந்து மூன்றாவது வாரம். காலையில் எழுந்தால் மார்பில் ஓர் இடம் எலுமிச்சம்பழ அளவுக்குக் கெட்டியாக இருந்தது, தொட்டால் வலி. வீட்டில் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவி, கொதிக்கிற வெந்நீரில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உருவினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதோடு, அந்தப் பக்கத்தைக் காலி செய்தால் சரியாகிவிடும் என்று மணிக்கொரு தடவை பீய்ச்சி வேறு எடுத்தேன். நான்காம் நாள் ராத்திரி குளிர் தூக்கிப் போட்டது, ஜுரம் 103. சீழ் வைத்துவிட்டது. கீறி எடுத்தார்கள். கட்டுப் போட்ட மார்போடு மூன்று வாரம் இடது பக்கத்தில் மட்டும் பால் கொடுத்தேன். நான் அப்போதே நர்ஸ் படிப்பு முடித்தவள், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நாம் நினைத்துக்கொண்டிருப்பது, குழாயில் அடைப்பு, அழுத்தினால் வெளியே வந்துவிடும் என்று. உள்ளே அப்படி ஒரு கட்டி பெரும்பாலும் இருப்பதே இல்லை. பால் நாளங்கள் மிக மெல்லியவை, கிளை கிளையாகப் பின்னிக் கிடப்பவை. அவற்றைச் சுற்றியுள்ள சதை வீங்கி வெளியிலிருந்து நெருக்குவதால்தான் பால் இறங்காமல் நிற்கிறது. அதை அழுத்திப் பிசைந்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் உடைந்து வீக்கம் இன்னும் கூடும். அடிக்கடி பீய்ச்சினாலும் இதே கதைதான், எடுக்க எடுக்க உடம்பு கூடுதலாகச் சுரக்கும். சூடு, மசாஜ், காலி செய் என்றுதான் முன்பு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். தாய்ப்பால் மருத்துவர்களின் உலகளாவிய அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-ல் தன் நெறிமுறையைத் திருத்தி, அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது, தேவைக்கு மேல் பாலை எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அது இன்னும் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து சேரவில்லை.

சரி, என்னதான் செய்வது? குழந்தைக்கு எப்போதும் போல இரண்டு பக்கமும் கொடுங்கள். வலிக்கிற பக்கத்தை நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். அல்சர், கிட்னி தொந்தரவு இல்லாதவர்கள் சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபன் போடலாம், இல்லையென்றால் பாராசிட்டமால். இரண்டும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஆகும். தொட்டே ஆக வேண்டுமென்றால், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அளவுக்கு, காம்பிலிருந்து அக்குளை நோக்கி மெல்ல நீவுங்கள், அவ்வளவுதான். ஒரு நாளில் குறையத் தொடங்கவில்லை என்றாலோ, ஜுரமும் நடுக்கமும் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. சீழே வைத்தாலும் இப்போது பெரும்பாலும் ஸ்கேன் பார்த்தபடி ஊசியிலேயே உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

அக்குளில் வீக்கம் என்றதும் பதறுவது

மூன்றாம் நான்காம் நாள், பால் இறங்குகிற நேரத்தில் அக்குளிலும் பந்து மாதிரி வீங்கினால், சிலருக்கு அங்கேயும் கொஞ்சம் மார்புச் சதை இருக்கிறது, அதுவும் பால் கட்டுகிறது என்று அர்த்தம். பீய்ச்ச வழி கிடையாது, பீய்ச்சவும் வேண்டாம். ஐஸ் வைத்தால் சில நாளில் தானாக அடங்கும்.

பாலில் ரத்தம் பார்த்துப் பாலை நிறுத்துவது

முதல் சில நாள் பால் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் மாதிரி வருவது உண்டு. மார்பு வேகமாக வளர்கிறபோது உள்ளே சின்ன ரத்தக் குழாய்கள் கசிவதால் அப்படி. குழந்தை குடிக்கலாம். காம்பு வெடித்திருந்தால் குழந்தை கக்குகிறதில்கூட ரத்தக் கீற்று தெரியும். அதைப் பார்த்து ஒரு அம்மா அலறிக்கொண்டு நடுராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடி வந்தாள், குழந்தை மடியில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, வெடிப்பே இல்லாமல் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தாலோ காட்டியே ஆக வேண்டும்.

மார்பு தளர்ந்ததும் டப்பா பால் வாங்குவது

பால் வற்றவில்லை. குழந்தைக்கு வேண்டிய அளவுக்குச் சுரப்பு படிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு துணி நனைந்து எடையும் ஏறினால் பால் போதும்.

ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது

இருக்கட்டும்.

வீக்கத்துக்கு மல்லிகைப் பூ கட்டுவது

அது பாலை நிறுத்துவதற்கான வைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பால் சுரப்பை நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் எழுதியிருக்கிறார்கள், பூவும் சுரப்பைக் குறைக்கத்தான் செய்தது. தொடர்ந்து பால் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு எதற்கு?

எதுவானாலும் பால் கட்டிதான் என்று தள்ளிப்போடுவது

மேலே பயப்படாதீர்கள் என்று சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறேன். பால் கட்டு வரும், குறையும், இடம் மாறும். ஒரே இடத்தில், ஒரே அளவில் இரண்டு வாரமாக நிற்கிற கட்டி, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியான சிவப்பு, ஆன்டிபயாட்டிக் முடித்தும் அடங்காத வீக்கம், ஒரு காம்பில் மட்டும் ஆறாத சொறி, புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, இவை எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் பால் கொடுக்கிற காலத்திலும் மார்பகப் புற்றுநோய் வரும், அப்போது பால் கட்டி என்ற ஒரே பேச்சில்தான் மாதங்கள் போய்விடுகின்றன.

ஐந்து மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். கட்டியோடு ஐந்து வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், ஸ்கேன் எடுத்தால் பாலை நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயம். எடுத்துப் பார்த்தால் பால் தேங்கிய பை, ஊசி போட்டதும் வெள்ளையாகப் பாலே வந்தது. அந்த சிரிஞ்சைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அல்ட்ராசவுண்டோ, மேமோகிராமோ, சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸியோ, எதற்கும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. உள்ளே போவதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தைக்கு இரண்டு பக்கமும் கொடுத்துவிடுங்கள், பால் குறைந்திருந்தால் படம் தெளிவாக விழும்.