மலிவு உளி, வாள், மூலைமட்டம்: சூப்பர்மார்க்கெட்டில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் தச்சுச் சாமான் வாங்க இப்போது ஹாட்வெயார் கடைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் வாளி அடுக்கியிருக்கிற வரிசையிலேயே நாலு உளி சேர்ந்த பொதி, ஒரு கைவாள், ட்ரில் பிட் பெட்டி என்று தொங்கும். இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மனியிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் லீவில் வரும்போது லிடில், ஆல்டி மாதிரி சூப்பர்மார்க்கெட்டுகளில் வாங்கின சாமானைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள். இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்று எந்த ஓடாவியிடம் (தச்சரிடம்) கேட்டாலும் "காசைக் கரியாக்காதீங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது பாதிதான் சரி.

நான் பார்க்கிற கணக்கு இதுதான்: கூர்மையை நாமே ஏற்றலாம், நேர்த்தன்மையை நாம் ஏற்ற முடியாது. கூர்தான் முக்கியம் என்கிற சாமானை மலிவில் துணிந்து வாங்கலாம். நேராக, சதுரமாக, ஆடாமல் இருக்கவேண்டிய சாமானைக் கடையிலேயே சோதித்துத்தான் எடுக்கவேண்டும். கரண்டில் சுழன்று மரம் அறுக்கிற சாமானில் மலிவு பார்க்கவே கூடாது.

உளியை எடுங்கள். ஒரு துண்டு உருக்கு, ஒரு கைபிடி, அவ்வளவுதான். அசைகிற பாகம் இல்லை, கழன்று விழ ஒன்றுமில்லை. பொதியில் "குரோம் வனேடியம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய வேண்டாம், உருக்குக்குப் பதம் எப்படி ஏற்றினார்கள், அதாவது சூடாக்கிக் குளிரவைத்து எப்படிக் கடினமாக்கினார்கள் என்பதுதான் விஷயம். நல்ல உளி, உலோகத்தின் கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கடினமாக இருக்கும். மலிவு உளி சிலவேளை அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அப்படி இருந்தால் கூர் கெதியாய் மழுங்கும், ஆனால் தீட்டுவதும் லேசு. இங்கிலாந்தில் கைத்தச்சு செய்கிறவர்கள் பலர் ஆல்டி உளியை மனதாரப் பாராட்டுவதற்குக் காரணம் இதுதான், தீட்டத் தெரிந்தவன் கையில் அது நன்றாகவே வேலை செய்யும்.

கடையில் உளியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனியிலிருந்து கைபிடி வரை பாருங்கள். கைபிடி கோணலாக ஏறியிருந்தால் வைத்துவிடுங்கள். தட்டைப் பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பரவாயில்லை, வயிறு தள்ளியிருந்தால் வேண்டாம், அதைத் தட்டையாக்கக் கை ஓய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய அரத்தின் ஓரத்தை நுனிக்குப் பக்கத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது, கடித்துச் சுரண்டினால் ஏறவில்லை, அந்த உளியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

புது உளியைப் பொதியிலிருந்து எடுத்தபடியே மரத்தில் வைத்துவிட்டுக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். மலிவு உளி கூரோடு வராது, கூரை நீங்கள்தான் ஏற்றவேண்டும். அதற்குச் சாணைக்கல் கூட வாங்கத் தேவையில்லை. கண்ணாடி வெட்டுகிற கடையில் தடிப்பான மிச்சத் துண்டு ஒன்று கேளுங்கள், வாகன டிங்கரிங் வேலைக்குப் பாவிக்கிற வோட்டர் பேப்பரில் (ஈரமாக்கித் தேய்க்கிற சாண்ட் பேப்பர்) 220, 400, 800, 1200 நம்பர்களில் ஒவ்வொரு தாள் எடுங்கள். தாளை நனைத்துக் கண்ணாடியில் விரித்து முதலில் தட்டைப் பக்கத்தின் நுனி 2, 3 சென்ரிமீற்றரை மட்டும் அழுத்தித் தேயுங்கள், உளி முழுவதையும் தேய்த்துக் கஷ்டப்பட வேண்டாம். நுனி முழுக்க ஒரே மாதிரி மினுங்கியதும் மற்றப் பக்கத்துக்கு வாருங்கள். சரிவு 25 பாகையில் இருக்கட்டும், கடைசி நுனியில் மட்டும் கையைக் கொஞ்சம் உயர்த்தி 30 பாகையில் நாலைந்து இழுவை. தட்டைப் பக்கத்தில் விரலை நுனியைத் தாண்டி வெளியே தடவினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது நுனி முழுக்கத் தட்டுப்பட்டால்தான் தீட்டு முடிந்தது. பிறகு நம்பரை ஏற்றிக்கொண்டு போய், கடைசியில் பழைய தோல் பெல்ட் ஒன்றில் இரண்டு பக்கமும் பின்னுக்கு இழுத்துப் பிசிறை எடுங்கள்.

இப்போது மலைவேம்புத் துண்டு ஒன்றின் வெட்டுமுனையில் சீவிப் பாருங்கள். மலைவேம்பு மெதுவான மரம், மழுங்கல் உளி அதை நசுக்கிப் பொடியாக்கும், கூரான உளி வழவழப்பாகச் சீவும். முதிரை, பாலை மாதிரி இரும்பு மரங்களில் வேலை என்றால் நுனியை 35 பாகைக்கு ஏற்றுங்கள், 25இல் விட்டால் நுனி உதிரும். தேக்கு வேறு விதம். அது அவ்வளவு கடினமில்லை, ஆனால் அதற்குள் மணல் மாதிரி சிலிக்கா இருப்பதால் எந்த உளியும் மழுங்கத்தான் செய்யும், மலிவு உளியைத் திட்டவேண்டாம். முதல் தடவை நுனி பொடிந்தாலும் அவசரப்பட்டு எறியாதீர்கள். தொழிற்சாலையில் தேய்க்கும்போது நுனி சூடேறிப் பதம் கெட்டிருக்கலாம், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தேய்த்துத் தள்ளினால் உள்ளே நல்ல உருக்கு வரும். நீங்களே கிரைண்டரில் தேய்ப்பதாக இருந்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள், நுனி நீலமானால் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

மூலை சதுரமா என்று பார்க்கிற மூலைமட்டத்தைக் கடையிலேயே ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். நேரான ஓரமுள்ள பலகைத் துண்டு ஒன்றையும் கூரான பென்சிலையும் கொண்டுபோங்கள். ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, அப்புறம் மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எடுங்கள். மேலே போகப் போக விரிந்தால் நீங்கள் பார்க்கிற இடைவெளி உண்மையான பிழையின் இரு மடங்கு. பொதியில் முதலாவது பிழையாக இருந்தால் அடுத்ததைப் பாருங்கள், ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று சரியாகவும் ஒன்று கோணலாகவும் இருக்கும். கோணல் மட்டத்தை வைத்துச் செய்த அலுமாரிக் கதவு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. அளவு நாடாவின் முனைக் கொக்கி கொஞ்சம் ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று நினைக்க வேண்டாம், தன் தடிப்பு அளவுக்கு அது ஆடத்தான் வேண்டும், அப்போதுதான் உள்ளளவும் வெளியளவும் சரியாக வரும்.

கைவாள் துணிந்து வாங்கலாம். பல் நுனி கறுப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பல். நன்றாக அறுக்கும், நாள் பிடிக்கும், ஆனால் மழுங்கினால் அரம் போட முடியாது. பிளைவுட்டுக்கும் தட்டுப் பலகைக்கும் அது போதும். முதிரை நாள்முழுக்க அறுக்கப் போகிறவர் அரம் போடக்கூடிய வாளைத் தேடுவது நல்லது.

சீவுளியில்தான் மலிவு உண்மையாகவே கைவிடுகிறது. அடித்தட்டு முறுகியிருக்கும், அலகு ஆடும், சீவல் வெளிவருகிற வாய் அகலமாக இருக்கும், இதையெல்லாம் தேய்த்துச் சரிபண்ண ஒரு கிழமை போகும். மாரியில் ஊதி இறுகிப்போன கதவின் ஓரத்தைச் சீவ மட்டும் என்றால் சமாளிக்கலாம். கதிரை, மேசை செய்கிற எண்ணம் இருந்தால் வேலையை விட்ட வயதான ஓடாவி யாரிடமாவது பழைய ஸ்டான்லி அல்லது ரெக்கோர்ட் சீவுளி இருக்கிறதா என்று கேளுங்கள். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடித்தட்டு வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ட்ரில் பிட்டை மேசையில் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தெத்தித் தெத்தி ஓடும். பொன் நிறம் வெறும் நிறமாகவும் இருக்கலாம், அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதை எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசியுங்கள். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் தட்டைப் பூட்டிப் பாவிப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம், பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டுத்தான் பூட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குக் கிட்டப் போகும், மரம் அறுக்கவென்றே செய்த 7¼ அங்குல வட்டவாள் போவது 5,000 சுற்றுச் சொச்சம்தான். பல் மரத்தில் மாட்டிய கணத்தில் மெஷின் உங்கள் பக்கம் துள்ளும், கையை எடுக்க நேரம் இருக்காது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பல் தட்டு வேண்டாம். வட்டவாள் வாங்கக் காசு இல்லையென்றால் பலகையை மர ஆலையில் கொடுத்து அறுத்து எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவதில் வோல்ட்டைப் பாருங்கள். ஐரோப்பாவும் நாமும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், பிளக் மட்டும்தான் பிரச்சினை. கனடாவில் 120 வோல்ட், அங்கிருந்து வந்த வயர் ட்ரில்லை இங்கே அப்படியே குத்தினால் எரிந்துவிடும். பற்றரி சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை. லிடிலின் பார்க்சைட் மெஷினுக்கு அங்கே 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு, ஆனால் இலங்கையில் லிடில் கடையே இல்லை, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொண்டுவருகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: உதிரி லிதியம் பற்றரியைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும், உளியும் வாளும் பெரிய பெட்டிக்குள்தான் போகவேண்டும்.

கல்லடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று மலிவு உருக்கு, நல்ல உருக்கு என்று பார்ப்பதில்லை. வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே உளியை வைத்தால் ஈரம் உள்ளே நின்று துரு பிடிக்கும். உறையை எறிந்துவிட்டு, வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசி, பருத்தித் துணியில் சுற்றி நிலத்தில் படாமல் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் போகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.