கோட் வாங்கும் முன் தோளைப் பாருங்கள்

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் எங்கள் தையல் கடைக்குப் பையன்கள் புது கோட்டும் கையுமாக வந்துவிடுவார்கள். "அண்ணா, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க." சட்டையை அயர்ன் பண்ணு, ஷூவுக்குப் பாலிஷ் போடு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோள்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். "நாளைக்கு உடம்பு போட்டாலும் உதவும்" என்று பெரிய சைஸாக வாங்கிவிடுவது. பெரும்பாலும் கூடப் போன சித்தப்பாவின் யோசனையாக இருக்கும். ஒரு தம்பி, 38 சைஸ் உடம்புக்கு 42 கோட்டோடு வந்தான். தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது. "ஆல்டர் பண்ணிக்கலாம்னு கடைல சொன்னாங்கண்ணா" என்கிறான். எதை ஆல்டர் பண்ணுவது?

இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டை மடித்துத் தைக்கலாம். தோள் அப்படியில்லை. உள்ளே பேட் இருக்கிறது, விறைப்பாக நிற்க வைக்கும் கான்வாஸ் துணி இருக்கிறது. கையைக் கழற்றி, தோளை வெட்டி, திரும்பவும் கையை ஏற்ற வேண்டும். பாதி கோட்டைப் புதிதாகத் தைக்கிற வேலை. கூலி கேட்டாலே முகம் வாடிவிடும். அவ்வளவும் செய்தாலும் பழைய அமைப்பு வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். கடையிலேயே மாற்றிக்கொள் என்றேன். பில்லைத் தொலைத்திருந்தான்!

வாங்கும்போதே பார்த்துவிடலாம். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கை படுவதற்கு முன்னால் தோள் பேட் சுவரில் முட்டினால் கோட் பெரிது. தோளுக்குக் கீழே துணி குழி விழுந்தாலும் பெரும்பாலும் அதே கோளாறுதான். தோள் சரியாக உட்கார்ந்து இடுப்பு மட்டும் லூஸாக இருந்தால் தைரியமாக வாங்குங்கள். அப்புறம், கை நுனியில் பட்டனுக்கு நிஜமாகவே காஜா, அதாவது பட்டன் துளை, வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டியிருந்தால் கையைக் குறைப்பதும் பெரிய வேலையாகிவிடும்.

பின்பக்க நூல்

கோட்டின் பின்வெட்டில் பெருக்கல் குறி மாதிரி இருக்கும் நூல், வழியில் துணி கலையாமல் இருக்கப் போட்டது. வெட்டி எடுங்கள். கைமேல் தைத்த லேபிளையும்தான்.

கடைசி பட்டன்

போடாதீர்கள்.

ரிசப்ஷன் கோட்

மினுமினுக்கும் மெரூன் மேடைக்குச் சரி. இன்டர்வியூவுக்கு நேவி புளூ, இல்லையென்றால் கரும்சாம்பல். கோட் கைக்கு வெளியே சட்டை அரை அங்குலம் தெரியட்டும். டை நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும்.

அழைப்பிதழில் 'பிளாக் டை'

கறுப்பு நிற நீள டை கட்டிப் போகாதீர்கள். அவர்கள் கேட்பது டக்சிடோ என்ற விருந்து கோட்டும், பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போடும் 'போ டை'யும்.

வேட்டி

ஃபார்மல் என்றாலே கோட்தான் என்பதும் தவறு. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது: வேட்டிக்காகத் தடுத்தால் உரிமம் ரத்தாகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. விருந்துக்கு வேட்டியில் போக நினைத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் சட்டையின் தோளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.