பெரிய எண் 7, 11, 13 ஆல் வகுபடுமா? ஒரே கணக்கில் பார்க்கலாம்

9 என்றால் இலக்கங்களைக் கூட்டினால் போதும். 7, 13 வந்தால்தான் தலைவலி. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள் (லட்சம், கோடிக்குப் போடும் கமா இதற்கு ஆகாது). பிறகு மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்.

12345654321-ஐ எடுத்தால், 321 − 654 + 345 − 12 = 0. விடை 0 என்றால் 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும். 1001 = 7 × 11 × 13 என்பதுதான் சூட்சுமம். வேறு விடை வந்தால் அந்தச் சின்ன எண்ணை மட்டும் வகுத்துப் பாருங்கள். 12345654321 என்பது 111111-இன் வர்க்கமும்கூட. காரணிகள் மட்டும் 243!

4294967297-க்கு −380 வரும், 7, 11, 13 எதனாலும் வகுபடாது. உடனே பகா எண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணித மேதை ஃபெர்மாவே அப்படித்தான் நம்பினார். 641 அதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் காட்டிவிட்டார்.