குளிர் தொடங்குமுன் உங்கள் சர்க்கரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று நம்ம பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சர்க்கரை, பிரஷர், வீசிங் ஏதாவது உண்டா? வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் மதினிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. வெளியே தெரிந்தால் விசாவுக்குத் தொந்தரவு வரும் என்று பயந்து, இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை குறையக் குறைய, பாதியாக உடைத்துப் போட்டார்கள். ஜனவரியில் வீட்டில் எல்லோருக்கும் ஃபுளூ. நாங்கள் ஐந்தாறு நாளில் எழுந்துவிட்டோம். அவர்களுக்கு மட்டும் நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது. காய்ச்சலோ சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சாதாரணச் சளியே மூச்சுத்திணறலைக் கிளப்பும். இதயநோய் உள்ளவர்களுக்கு ஃபுளூ வந்த முதல் வாரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுகிறது. சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து ஜிபியிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சர்க்கரை இருப்பதற்காக விசா போகாது. ஜிபி உங்கள் முதலாளியிடம் சொல்லவும் மாட்டார். ஊரில் டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவாருங்கள், ஆனால் அதில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். கிளைக்கோமெட் என்றால் இங்கே பலருக்குப் புரியாது, மெட்ஃபார்மின் என்றால் உடனே புரியும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு ஜிபியிடமே படிவம் வாங்கலாம். அது கிடைத்துவிட்டால் ஜிபி எழுதித் தரும் எல்லா மருந்தும் இலவசம். மாத்திரையை உடைத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.

சர்க்கரை, இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், 65 வயது ஆனவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஃபுளூ ஊசி இலவசம். ஆஸ்துமா என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு உண்டு. அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள், ஊசி பலன்தர இரண்டு வாரம் ஆகும். அதையும் மீறிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஜிபியை அழையுங்கள். ஃபுளூவுக்கான மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. சந்தேகம் கேட்க 111 என்ற எண்ணுக்கும், மூச்சு முட்டினாலோ பேச்சு குழறினாலோ அவசர எண் 999-க்கும் போன் பண்ணுங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் தொடங்கும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் அங்கே மழை பெய்து டெங்கு வரும். சர்க்கரை உள்ளவர்களை அதுவும் கடுமையாகத் தாக்கும். பாராசிட்டமால் போதும், டாக்டரைக் கேட்காமல் வேறு வலி மாத்திரை வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். "காய்ச்சல் விட்டுருச்சுப்பா" என்று அப்பா போனில் சொல்லும் நாளில்தான் டெங்கு மோசமாகத் திரும்பக்கூடும். வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா என்று அன்றைக்கு மறக்காமல் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆளை ஏற்பாடு பண்ணுங்கள்.