அதிர்வலைக் கணக்கீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெடிப்புகளையும் அதிர்வலைகளையும் (அழுத்தமும் அடர்த்தியும் திடீரென எகிறும் அலைகள்) கணினியில் கணக்கிடப் புதிதாக வருபவர்கள் பழைய தவறுகளையே மறுபடி செய்வதைப் பார்க்கிறேன். குறி மாறுவது, அலகு குழம்புவது போன்றவை தாமே வெளிப்பட்டுவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலப்படி

கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம் இது. வாயு அசையாமல் நின்றாலும், இதை வாயுவின் வேகத்தோடு ஒலிவேகத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அழுத்தத்துக்குத் தனிச் சமன்பாடு

அடர்த்தி, திசைவேகம், அழுத்தம் மூன்றையும் நேரடியாகத் தீர்ப்பது எளிதாகத் தெரியும். சீரான ஓட்டத்தில் விடையும் சரியாக வரும். அதிர்வலை வந்ததும் கதை மாறிவிடும். அதன் வேகத்தை முடிவுசெய்பவை நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமை விதிகள். கணக்கீட்டுக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம்; ஒரு கட்டத்தின் பற்று அடுத்த கட்டத்தின் வரவாக வேண்டும்.

தாளிலேயே சோதிக்கலாம். அதிர்வலை உருவாகும் எளிய மாதிரியான பர்கர்ஸ் சமன்பாட்டில் இடப்பக்கக் கட்டங்களில் 1, வலப்பக்கத்தில் 0 என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும், அதற்கும் இடப்பக்கக் கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள்; அந்தக் கட்டம் எவ்வளவு மாறும் என்பதை இந்தப் பெருக்கலே முடிவுசெய்கிறது. 1 உள்ள இடத்தில் வித்தியாசம் 0. 0 உள்ள இடத்தில் மதிப்பே 0. 0.5 வேகத்தில் போக வேண்டிய அலை அசையாது. கட்டங்களை எவ்வளவு நுணுக்கினாலும் அசையாது.

வாயுச் சமன்பாடுகளில் அலை நகர்ந்துவிடும், தவறான வேகத்தில். அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. ஓர் ஆய்வு மாணவர் அழகான வரைபடங்களோடு வந்தார். கட்டங்களை நுணுக்க நுணுக்க விடை மாறாமல் நிலைக்கிறது என்று சான்றும் காட்டினார். சாட் குழாய்ச் சோதனையை ஓட்டச் சொன்னேன்; குழாயில் இரு வாயுக்களைப் பிரிக்கும் தடுப்பைத் திடீரென எடுப்பது இது, சரியான விடை தெரிந்தது: இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1, வலப்பக்கம் 0.125, 0.1, வெப்ப எண் விகிதம் 1.4, தடுப்பு 0.5இல். நேரம் 0.2 ஆகும்போது அதிர்வலை 0.85இல் இருக்க வேண்டும். அங்கே இல்லை. அந்த நிரலை நம்பிப் பல மாத வேலை முடிந்திருந்தது. அழியாமை வடிவில் எழுதிய முறை குவிந்தால், அதாவது கட்டங்களை நுணுக்கும்போது ஒரே விடையை நெருங்கினால், அலைவேகம் சரியாகவே வரும் என்று லாக்ஸும் வெண்ட்ராஃபும் 1960லேயே நிறுவிவிட்டார்கள். இன்றும் இதைத் திருத்திக்கொண்டிருப்பது எரிச்சலூட்டுகிறது.

அலைமுகத்தில் பொய் அலைவுகள்

சரிவு வரம்பி (கட்டத்துக்குள் மதிப்பின் சரிவு அளவு மீறாமல் தடுக்கும் சூத்திரம்) இல்லாமல் இரண்டாம் படித் துல்லியம் உள்ள முறையைத் தொடாதீர்கள்.

எதிர்ம அழுத்தத்தை ஒட்டுப்போடுவது

அழுத்தம் சுழிக்குக் கீழே போனதும் ஒரு சிறு எண்ணைத் திணித்து மேலே போகிறார்கள். ஒவ்வொரு திணிப்பும் இல்லாத ஆற்றலைச் சேர்க்கிறது. புள்ளி வெடிப்பில் அலையின் ஆரம் காலத்தின் 2/5 அடுக்கில் வளர வேண்டும். இப்படிச் சேரும் ஆற்றல் அந்த வளர்ச்சியைக் குலைத்துவிடும். ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றலைக் கூட்டி அச்சிடுங்கள். அலை எல்லையைத் தொடும்வரை அந்த எண் மாறக்கூடாது.